பென்டிரைவ் தெரியாத மெஷின்

சுளவு, முறம்தான், மடியில் இருக்கிறது. இலை நறுக்கியாயிற்று. இனிப் புகையிலைத் தூளை வைத்துச் சுற்றி, நூல் கட்டிப் போட வேண்டியதுதான். பீடி சுற்றக் கண் வேண்டாம். கை பாட்டுக்குச் சுற்றும். பிள்ளை உள்ளே அத்தை பக்கத்தில் தூங்குகிறான். அவன் முழிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நாலைந்து வீடு சேர்ந்த எங்கள் வளவுக்கு முன்பக்கம், ரோட்டைப் பார்த்து ஒரு கடை. பழைய கம்ப்யூட்டர் சரி பண்ணுகிற கடை. நான் உட்கார்ந்து பீடி சுற்றுகிற இடத்துக்கு நேர் மேலே அந்தக் கடையின் பின் ஜன்னல். கம்பி உண்டு, கதவு கிடையாது. அங்கே பேசுவதெல்லாம் என் காதில் விழும். நான் எட்டிப் பேசினதில்லை. என்னத்தைப் பேச.

கடைக்காரி பெயர் அமலோற்பவம். அமலி அக்கா. முப்பது வயசு இருக்கும், தனி ஆள். ஆபீசுகளில் வேண்டாம் என்று தள்ளுகிற மெஷின்களை வாங்கி வந்து, தூசி தட்டி, ஓட வைத்து, டியூசன் வாத்தியார்களுக்கும் ஜெராக்ஸ் கடைகளுக்கும் கொடுப்பாள். ஸ்க்ரூ கழற்றுகிற சத்தமும் அவள் இருமுகிற சத்தமும்தான் அந்த ஜன்னலில் வரும். வேறு சத்தம் வராத நாள்கள் நிறைய.

அவளுக்கு ஒரு சிஷ்யர் வந்தார்.

சிஷ்யருக்கு அறுபது தாண்டியிருந்தது. ஆறுமுகநயினார் என்று பெயர், ஆலங்குளத்தில் எல்லாருக்கும் நயினார் அண்ணாச்சி. பஸ்ஸில் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி வழியில் பஸ்ஸை மறித்து ஏறி டிக்கெட் கேட்கிற குரல் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. ஆட்டோவில் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். மகள் காலேஜ் படித்தபோது, அப்போதே பழையதாக வாங்கினதாம்.

அமலி அக்கா திறந்து பார்த்தாள். ஹார்டு டிஸ்க் போய்விட்டது, வேறு போட்டு, மெஷினை எழுப்பி ஓட்டுகிற சிஸ்டத்தை ஏற்றினால் ஓடும், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

அவர் நகரவில்லை. நானே ஏற்றுகிறேன், எனக்குச் சொல்லிக்கொடு என்றார். வீட்டில் மறுபடி நின்றுபோனால் யாரிடம் ஓடுவேன் என்றார்.

"இது என்ன வேலைக்கு அண்ணாச்சி?"

"பேசுறதுக்கு."

அப்புறம்தான் உட்கார்ந்து விவரம் சொன்னார். அவர் மனைவிக்கு மாசி மாசம் வாதம் வந்துவிட்டது. வலது கை விழுந்துவிட்டது, நாக்கும் சுழலவில்லை. புத்தி தெளிவு, காது நன்றாகக் கேட்கும். இடது கை இருக்கிறது, ஆனால் நடுங்கும். பேனா நிற்காது. செல்போனைத் தொட்டால் ஒரு எழுத்துக்கு நாலு எழுத்து விழும். பாளையங்கோட்டையில் பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில் அந்த அம்மாளை ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்களாம். எழுத்தை அமுக்கி முடித்தால் மெஷின் அதை வாசித்துச் சொல்லும். அந்த அம்மாள் ஒரு விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அமுக்கினார்களாம். 'தாகம்' என்றதாம் மெஷின்.

"நான் தண்ணி வாங்க ஓடிட்டேன். திரும்பி வந்தப்புறம்தான் அழுதேன்" என்றார் அண்ணாச்சி.

வீட்டில் எழுத்து அட்டை வைத்துப் பார்த்தார்களாம். ப-வைத் தொட்டதும் இவர் பாலா என்பாராம், க-வைத் தொட்டதும் காப்பியா என்பாராம். முழு வார்த்தை ஒன்றுகூட அந்த அட்டையில் வந்து சேரவில்லை.

இனி முக்கியமானது. அவர் மகள் சங்கரி ஓசூரில் இருக்கிறாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போகிறேன் என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கார் வருகிறது. அண்ணாச்சி மாப்பிள்ளை வீட்டில் போய் இருக்க மாட்டார். மனைவி இங்கேயே தன்னோடு இருக்கட்டும் என்கிறார். வருகிறாயா என்று மகள் போனில் கேட்டால் தலையை ஆட்டுகிறார்களாம். இங்கேயே இருக்கிறாய்தானே என்று இவர் கேட்டாலும் தலையை ஆட்டுகிறார்களாம். சண்டை வந்துவிட்டது. கடைசியில் மகள்தான் சொன்னாளாம், அம்மா வாயால் சொல்லட்டும், என்ன சொன்னாலும் நான் கட்டுப்படுகிறேன். சொல்ல வழியே இல்லாமல் போனால், உங்கள் பெண்டாட்டி, நீங்கள் சொல்கிறபடியே இருக்கட்டும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள மெஷின் எந்திரிச்சிருமா?" என்றார்.

"எந்திரிச்சிரும்" என்றாள் அமலி அக்கா. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். காலையில் பக்கத்து வீட்டு அம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு வருவார். மத்தியானம் போய் மனைவிக்குச் சோறு பிசைந்து ஊட்டிவிட்டுத் திரும்ப வருவார். அமலி அக்காவைக் குருவம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கேலிக்குத்தான். அவள் சிரிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அதனால் அது நிலைத்துவிட்டது. டீ கொண்டு வருகிற காசி, அங்கே கண்ணால் பார்த்ததை எனக்கும் வந்து சொல்லுகிறவன், அவன் மட்டும் விடமாட்டான். அண்ணாச்சி, குரு உங்களுக்குப் பாஸ் கொடுத்தாச்சா, இல்லை பாதி வழியில இறக்கி விட்டுருவாங்களா என்பான். டிக்கெட் இல்லாம ஏறினவனை நான் இறக்கி விட்டது எத்தனையோ, இப்ப என் முறை என்பார் அண்ணாச்சி.

முதல் நாள் அமலி அக்கா காலி டிஸ்க் ஒன்றை மாட்டிவிட்டு, வேறு ஒன்றும் செருகாமல் மெஷினை ஆன் பண்ணிக் காட்டினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒரு வரி வந்து நின்றதாம். அவர் கூட்டி வாசித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வந்திருக்கிறது.

"என்ன கிடைக்கலையாம்?"

"தன்னை எழுப்ப ஆள்."

பழைய மெஷின் முழிக்கும்போது அதற்குத் தான் என்ன மெஷின் என்பதுகூடத் தெரியாது என்றாள். சில இடங்களில் மட்டும் தேடும். முதலில் பிளாப்பி, அப்புறம் சிடி, அப்புறம் தன் சொந்த டிஸ்க். எங்கேயாவது சிஸ்டம் இருந்தால் எடுத்துக்கொண்டு எழுந்துவிடும். எங்கேயும் இல்லை என்றால் இப்படி ஒரு வரி போட்டுவிட்டு நின்றுவிடும்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். விரல் நீளக் குச்சி. தெருவில் ஒரு பையனிடம் சொல்லிப் புத்தம்புது சிஸ்டம் ஏற்றி வாங்கி வந்திருந்தார்.

"இதுல இருக்கே."

"இருக்கலாம். இதுக்கு அதைத் தெரியாது."

"செருகுறதுக்கு ஓட்டை இருக்கே குருவம்மா."

"எந்திரிச்ச பிறகுதான் அந்த ஓட்டையைப் பாக்கும். எந்திரிக்கறதுக்கு முன்னால அங்கே ஒண்ணு இருக்குன்னே தெரியாது. இது செஞ்ச காலத்துல யாரும் இதைக் குச்சியை வச்சு எழுப்பினது இல்லை."

அவர் நம்பவில்லை. அவள் ஒரு விசையை அமுக்கி, நீலத் திரையில் மெஷின் தேடுகிற இடங்களின் பெயர்களை வரிசையாகக் காட்டினாள். பயணிகளை எண்ணுகிற மாதிரி விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். பென்டிரைவ் என்று ஒரு வரி இல்லை.

"இல்லைதான்" என்றார்.

மறுநாள் ஒரு தகர டப்பாவைத் திறந்தாள். உள்ளே சதுரச் சதுரமாகப் பிளாப்பிகள், பாதியில் பூஞ்சை. முன்னெல்லாம் இதைப் போட்டு மெஷினைக் கண் திறக்க வைத்துவிட்டு, மீதியை வேறொன்றிலிருந்து கொடுப்பார்கள் என்றாள். இந்த மெஷினில் பிளாப்பி போடுகிற வாயே கெட்டுப்போயிருந்தது. பிறகு எதற்கு இன்னும் வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டார். பக்கத்து ஊர் அரிசி மில்லில் ஒரு மெஷின் இதைத் தவிர வேறெதையும் ஏற்காது என்றாள்.

"புதுசு வாங்கச் சொல்ல வேண்டியதுதானே."

"அவங்க என்கிட்ட புதுசு கேக்கலையே."

அண்ணாச்சிக்கு வேறொரு வழி தோன்றியது. டிஸ்க்கைக் கழற்றி நல்ல மெஷின் ஒன்றில் மாட்டி, அங்கே சிஸ்டம் ஏற்றி, திரும்பக் கொண்டுவந்து இதில் வைத்துவிடலாமே என்றார். தானே கண்டுபிடித்த சந்தோஷம் குரலில் இருந்தது.

"செய்யலாம்" என்றாள் அமலி அக்கா. "சில சமயம் அந்த மெஷினுக்கு ஏத்த மாதிரி எல்லாத்தையும் எழுதிக்கும். திரும்ப இங்கே வந்தா ஒண்ணும் புரியாம திருதிருன்னு முழிக்கும்."

"அங்கேயே பழகிருமா?"

"பழகிரும்."

ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த வழி வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

அதற்கடுத்த நாள் நடந்ததை நான் ஜன்னலுக்குக் கீழே இருந்துகொண்டு முழுக்கக் கேட்டேன். நீலத் திரை வரிசையில் கடைசியாக இருக்கிறதே, அது என்ன என்று அவர் கேட்டிருக்கிறார். அவள் மெஷினின் முதுகில் ஒரு ஒயரைச் செருகினாள். மறுமுனையை எதிலும் செருகாமல் மேஜையில் போட்டாள். ஆன் பண்ணினாள்.

"பின்னால விளக்கு மினுங்குதா பாருங்க."

"மினுங்குது. என்ன பண்ணுது?"

"ஒயர் வழியாக் கூப்பிடுது."

"யாரை?"

"யாரு இருந்தாலும். எனக்குப் பேர் கொடுங்க, என்னை எழுப்புங்கன்னு கேக்கும். பெரிய ஆபீஸ்ல வேற ஒரு மெஷின் அங்கிருந்து பதில் கொடுக்கும்."

"இங்கே யாரும் இல்லையே."

"இல்லை."

"அப்ப என்ன செய்யும்?"

"கொஞ்ச நேரம் பாக்கும். திரும்பக் கூப்பிடும். அப்புறம் விட்டுரும்."

அவர் அது விடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நானும் கையை நிறுத்திவிட்டேன். நூல் விரலில் சுற்றியபடியே இருந்தது.

"எங்க வீட்ல நான்தான் இப்ப பேசுறது" என்றார் அண்ணாச்சி. முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க மாட்டாராம். அந்த அம்மாள்தான் பேசிக்கொண்டிருப்பார்களாம், அடுத்த வீட்டுக் கதை, காய் விலை, மகளுக்கு வந்த வரன். இவர் பேப்பர் படிப்பாராம். இப்போது இவர் பேசுகிறாராம். எழுந்தது முதல் பேசுகிறாராம். பால்காரன் வந்தான், கரண்ட் போச்சு, தென்னையில் அணில் ஏறுது என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். சாயங்காலம் டிவி போடுவாராம். அவர்கள் டிவியைப் பார்ப்பதில்லையாம், இவரும் பார்ப்பதில்லையாம்.

"அவளையும் அனுப்பிட்டா அந்த வீட்ல நான் யாருகிட்ட சொல்ல, அணில் ஏறுதுன்னு."

அமலி அக்கா ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினாள்.

அன்றைக்கு மத்தியானமே அவள் சிடி எழுத உட்கார்ந்தாள். மெஷினில் இருப்பது பழைய சிடி பெட்டி, அதற்கு டிவிடி தெரியாது, புதுச் சிஸ்டம் எதுவும் ஒரு சிடிக்குள் அடங்காது என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். பழைய மெஷின்களுக்கென்றே சின்னதாகச் செய்து வைத்திருக்கிற ஒன்றைத் தேடி எடுத்திருந்தாள். தமிழ் எழுத்தை வாசித்துச் சொல்கிறதையும் அதற்குள்ளேயே சேர்த்தாள். வேகமாக எழுதினால் அந்தப் பெட்டியின் கண்ணுக்குத் தெரியாது என்று ரொம்ப மெதுவாக ஓடவிட்டாள். முடிந்ததும் உறையில் போட்டு, அவர் தலைக்கு மேலே இருக்கிற பலகையில் வைத்தாள்.

"சிடி ரெடி அண்ணாச்சி."

"நல்லது" என்றார் அவர். "இந்தப் பென்டிரைவையும் கடைசியா ஒரு தடவை பாத்துருவோம்."

பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வேறு பென்டிரைவ் கொண்டு வந்தார். முன்னது சரியாக எழுதப்படவில்லை போலிருக்கிறது என்றார். முன்பக்க ஓட்டையில் செருகினார், பின்பக்க ஓட்டையில் செருகினார். அதற்கு மறுநாள் இன்னொன்று. அது கொஞ்சம் பழையது, பழைய மெஷினுக்குப் பழைய குச்சிதான் ஒத்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னார்களாம். ஆன் பண்ணுவார். வெள்ளை எழுத்து வரும். ஆஃப் பண்ணுவார். திரும்ப ஆன் பண்ணுவார். அந்தச் சுவிட்ச் சத்தம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

அமலி அக்கா தன் வேலையைப் பார்த்தாள். எழுத்து அழிந்துபோன கீபோர்டு ஒன்றைக் கழுவிக் காய வைத்து, பெரிய பெரிய தமிழ் எழுத்தாக வெட்டி ஒவ்வொரு விசையிலும் ஒட்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

காசிதான் டீ கொண்டுவந்தபோது கேட்டான், மேலே சிடி என்னத்துக்குச் சும்மா கிடக்கு என்று. அது கிடக்கட்டும் என்றார் அண்ணாச்சி.

சனிக்கிழமை வந்துவிட்டது. ஓசூரிலிருந்து கார் ராத்திரியே கிளம்புகிறது, விடியும்போது வந்துவிடும் என்று மகள் போன் பண்ணியிருந்தாளாம். அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து பென்டிரைவைச் செருகினார். சுவிட்சைப் போட்டார். எடுத்தார். போட்டார்.

"குருவம்மா."

"சொல்லுங்க."

"ஒரு மெஷின் எந்திரிக்கவே எந்திரிக்காதுன்னு எப்ப முடிவு பண்ணுவே?"

அவள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டாள். முதல் தடவையாக ஒரு கதை சொன்னாள்.

ஒரு டியூசன் வாத்தியாராம். மெஷின் ஓடவில்லை என்று கொண்டு வந்தாராம். திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ஒயர் உருவிக் கிடந்ததாம். செருகிக் கொடுத்தாளாம். அடுத்த வாரம் திரும்பக் கொண்டு வந்தாராம். அதே ஒயர். திரும்பச் செருகினாளாம். அதற்கு அடுத்த வாரமும் வந்தாராம். அந்த ஒயர் தானாக உருவுகிற ஒயர் இல்லை. பெட்டியைத் திறந்து, ஸ்க்ரூவைக் கழற்றி, ஒரு கை உள்ளே போய் உருவினால்தான் உண்டு.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஒரு பயலைப் பிடித்த செக்கர் சிரிக்கிற சிரிப்பு. "அவரேதான் உருவிருக்காரு. எதுக்கு?"

"வந்தா ஒரு டீ குடிப்பாரு. கொஞ்சம் பேசுவாரு. அவருக்கு வீட்ல யாரும் இல்லை."

"நீ கேட்டியா, ஏன் உருவுறீங்கன்னு?"

"இல்லை. ஒவ்வொரு தடவையும் செருகிக் கொடுத்தேன்."

சிரிப்பு எங்கே நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. நின்றுவிட்டது. ரோட்டில் ஒரு லாரி போனது.

"நாளைக்குள்ள இது எந்திரிக்கலைன்னா" என்று ஆரம்பித்தார்.

"எந்திரிக்கலைன்னு மகள்கிட்ட சொல்லலாம்."

"நம்புவாளா?"

"நம்புவாங்க. அப்பா ஒரு வாரமா கடையில உக்காந்து பாத்தார்னு நானும் சொல்லுவேன். உண்மைதானே."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. டீயில் சீனி போதுமா என்று கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் கழித்து எழுந்தார். ஸ்டூல் தரையில் உரசியது. நான் அன்றைக்குத்தான் எழுந்து நின்று ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். இரண்டு பேருமே என்னைக் கவனிக்கவில்லை. அவர் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். கையை மேலே நீட்டிப் பலகையிலிருந்து சிடியை எடுத்தார். உறையிலிருந்து எடுக்கத் தெரியவில்லை, விரல் படாமல் ஓரத்தில் பிடிக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். பெட்டியின் நாக்கு வெளியே வந்தது. அதில் வைத்தார். உள்ளே தள்ளினார்.

சுவிட்சைப் போட்டார்.

திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே சிடி சுற்றுகிற சத்தம் மட்டும், மாவரைக்கிற மெஷின் மாதிரி. அவர் கை தானாகச் சுவிட்ச் பக்கம் போனது. போன கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கறுப்பு. இன்னும் கறுப்பு. அவர் அமலி அக்காவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. கீபோர்டில் கடைசி எழுத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு திரையில் வெளிச்சம் வந்தது. அவர் முகத்திலும் வந்தது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் வேலை. மெஷின் ஒவ்வொன்றாகக் கேட்டது, அவள் சொல்லச் சொல்ல அவர் பதில் அமுக்கினார். எந்த டிஸ்க்கில் ஏற்ற வேண்டும் என்று கேட்டது. அதில் இருக்கிற எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. அதில் ஒன்றுமில்லையே என்றார் அவர். இல்லாவிட்டாலும் கேட்கும் என்றாள் அவள். அமுக்கினார். காசி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தானோ, கேலி பண்ணாமல் டீயை வைத்துவிட்டுப் போனான். அந்த டீயை யாரும் குடிக்கவில்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் எல்லாம் முடிந்தது. சிடியை வெளியே எடுத்துவிட்டாள். சிடி இல்லாமலே மெஷின் தன் டிஸ்க்கிலிருந்து எழுந்தது. எழுத்து ஒட்டின கீபோர்டை அவர் முன்னால் வைத்தாள்.

"ஏதாவது ஒண்ணு அமுக்குங்க. பேசுதா பாப்போம்."

அவர் யோசித்தார். பிறகு ஒரு விரலால் தேடித் தேடி அமுக்கினார். தன் இடது கை விரலால் அமுக்கினார், அதையும் பார்த்தேன். கடைசி விசையை அமுக்கினதும் மெஷின் ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"வடிவு."

இத்தனை நாளில் அவர் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. வீட்ல என்பார், அவ என்பார். மெஷின் சொல்லித்தான் எனக்கே தெரியும், அந்த அம்மாளுக்குப் பெயர் வடிவு என்று.

திரும்ப ஒருமுறை அதையே அமுக்கினார். திரும்ப அது சொன்னது.

அமலி அக்கா ஒயர்களைக் கழற்ற ஆரம்பித்தாள். எதை எதில் செருக வேண்டும் என்று ஒருமுறை சொன்னாள், அவர் திருப்பிச் சொன்னார், தப்பில்லாமல் சொன்னார். ஆட்டோ வந்து வாசலில் நின்றது. பெட்டியை ஆட்டோக்காரர் தூக்கிப் போனார். மானிட்டரைத் தூக்கிப் போனார். கீபோர்டை மட்டும் அண்ணாச்சி கொடுக்கவில்லை, மார்போடு பிடித்துக்கொண்டார்.

"குருவம்மா, நாளைக்கு வீட்ல கண்டிப்பா எந்திரிச்சிருமா?"

"எந்திரிக்கும்."

"அவ அமுக்கினா பேசுமா?"

"முழுசா அமுக்கி முடிக்கற வரைக்கும் காத்திருந்து பேசும்."

வாசல்படியில் இறங்கினவர் திரும்ப ஏறி வந்தார். டிக்கெட் கேட்கிற குரல் அப்போது அவரிடம் இல்லை. எனக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது, அவ்வளவு சின்னக் குரல்.

"என்ன சொல்லும்?"

அமலி அக்கா சிடியை உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"அதை நான் இதுல எழுதலை அண்ணாச்சி."

அண்ணாச்சி சிடியை வாங்கிக்கொண்டார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், அப்போதும் அவர் நிலைப்படியில் அப்படியே நின்றார், அவளும் போங்கள் என்று சொல்லவில்லை, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன், அந்த முகத்தில், இந்தா வந்துட்டேன் அத்தை, பிள்ளை முழித்துவிட்டான், கூப்பிடுகிறார்கள், அந்த முகத்தில் அப்போது